செந்தூல் பட்டறையும் கழற்றி மாட்டும் பேரிங்கும்

மலேசியத் தமிழரின் கடந்த காலத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பேரைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒருவர் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். மற்றவர் அலுவலகத்தில் பேரேடு எழுதிய கிராணி. கிள்ளான் பள்ளத்தாக்கில் மூன்றாவதாகவும் ஒருவர் இருந்தார். அவர் இரயில்வே பட்டறையில் பேரிங் பொருத்திய ஃபிட்டர். அவரை வெறும் கூலியாள் வரிசையில் நிறுத்திவிட்டு வரலாறு நகர்ந்துவிட்டது. அது தவறு என்கிறேன். இதற்குச் சான்று தேட ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டியதில்லை. அவர் கையாண்ட பொருளே போதும். தேயும் உறுப்பைத் தனியாகக் கழற்றி மாற்றலாம் என்று ஒரு இயந்திரத்தை அமைத்த கணமே, அதன் ஆயுளில் பாதி செய்தவரிடமிருந்து பராமரிப்பவர் கைக்குப் போய்விடுகிறது.

1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு எதிர்க்கரையில் உள்ள புக்கிட் கூடா வரை தண்டவாளம் போடப்பட்டது. 1890இல் கிள்ளான் ஆற்றின் மேல் பாலம் வந்தது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1881இன் தீக்கும் வெள்ளத்துக்கும் பிறகு நகரைச் செங்கல்லால் திரும்பக் கட்டியபோது சூளைகள் புகைந்த பிரிக்பீல்ட்ஸ், பின்னர் இரயில்வேயின் இடமாயிற்று. பெரிய பழுதுகளுக்காக நகரின் வடக்கே செந்தூலில் மையப் பட்டறை எழுந்தது. இன்ஜினும் வரைபடமும் பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்தன. ஆனால் அச்சு சுழலும் இடத்தில் நேரும் தேய்மானத்துக்கு ஒவ்வொரு முறையும் கப்பலை எதிர்பார்த்துக் கிடக்க முடியாது. அக்கால வண்டிகளில் அச்சு முனையின் மேல் அரைவட்டமான ஒரு பித்தளைத் துண்டு பேரிங்காக அமர்ந்திருக்கும். அதன் உட்புறத்தில் வெள்ளை உலோகம் பூசியிருப்பார்கள். 1839இல் அமெரிக்கரான ஐசக் பாபிட் கண்ட வழி இது. நல்ல ரகக் கலவையில் பெரும்பகுதி வெள்ளீயம், உடன் கொஞ்சம் அண்டிமணியும் செம்பும். எண்ணெய் வற்றிச் சூடு ஏறினால் ஏறத்தாழ 240 டிகிரி செல்சியஸில் இந்தப் பூச்சு இளகி ஓடத் தொடங்கும். விலையுயர்ந்த எஃகு அச்சு தப்பிக்க வேண்டும் என்பதற்காகவே மலிவான பூச்சு பலியாகிறது. வண்டியை ஜாக்கி வைத்துச் சற்றே தூக்கினால் போதும். சக்கரத்தைக் கழற்றாமலே பழைய துண்டை உருவிப் புதியதை வைத்துவிடலாம். கோலாலம்பூர் என்ற ஊரே 1857 முதல் வெள்ளீயச் சுரங்கங்களுக்காக உருவானது. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது உலக வெள்ளீயத்தில் ஏறத்தாழப் பாதியை மலாயா தந்துகொண்டிருந்தது. உலகத்தின் பேரிங்குகளுக்கு உலோகம் கொடுத்த நிலத்தில் அந்தப் பேரிங்கைப் பொருத்தத் தெரிந்தவர்களும் வாழ்ந்தார்கள் என்பதை நம் பாடநூல்கள் சேர்த்துச் சொன்னதே இல்லை.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கழற்றி மாட்டும்படி செய்துவிட்டால் திறமைக்கு என்ன வேலை, யாரும் மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். வழியில் நிற்கும் சரக்கு வண்டியைப் பொறுத்தவரை இதில் உண்மை இருக்கிறது. ஆனால் உருவி எடுத்த துண்டு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அது பட்டறைக்குப் போகிறது. அங்கே பழைய பூச்சை உருக்கி எடுத்து, பித்தளையைச் சுத்தம் செய்து, வெள்ளீயம் தடவி, புது உலோகம் வார்த்து, அச்சின் அளவுக்குக் கடைய வேண்டும். இன்ஜின் பேரிங் என்றால் அதோடும் முடியாது. அச்சில் நீலச் சாயம் தடவிப் பேரிங்கை அதன்மேல் வைத்து அசைத்து, சாயம் ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டி எடுத்து, மறுபடி வைத்துப் பார்ப்பார்கள். எத்தனை முறை சுரண்டுவது, எங்கே நிறுத்துவது என்று எந்த வரைபடமும் சொல்லாது. அதிகம் சுரண்டினால் பேரிங் தளர்ந்து தட்டும். குறைவாகச் சுரண்டினால் சூடேறும். மேற்பார்வையிட்டவர்கள் வெள்ளைக்கார என்ஜினியர்கள்தான். சுரண்டிய கைகளில் பெருமளவு தென்னிந்தியக் கைகள். உத்தரவு மேலிருந்து வந்தது என்பதற்காகத் தீர்மானமும் மேலிருந்தே வந்தது என்று எழுதுவது சரியல்ல.

கழற்றி மாட்டுவது பற்றிய இதே கேள்வி ஆகாயத்திலும் எழுந்தது. ஓடும்போதே இறக்கையின் கோணத்தை மாற்றிக்கொள்ளும் புரொப்பெல்லரில், ஒவ்வொரு இறக்கையும் தன் அடிப்பகுதியில் உள்ள பேரிங்கில் திரும்ப வேண்டும். சுழற்சியோ அதைப் பல டன் விசையோடு வெளியே இழுக்கிறது. பிடித்து நிறுத்த இறக்கையின் அடியை விளிம்பாகப் புடைத்து விடுகிறார்கள். விளிம்பு அமைந்த பிறகு முழு வளையம் எதையும் அதன் மேல் நுழைக்க முடியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலாயன் ஏர்வேஸ் பறக்கவிட்ட டிசி-3 வகை விமானங்களில் இருந்த ஹாமில்ட்டன் ஸ்டாண்டர்ட் புரொப்பெல்லர் இதற்கு நல்ல உதாரணம். அதில் எஃகு வளையங்களை முதலில் கோத்துவிட்டுத்தான் அலுமினிய அடியைப் புடைப்பார்கள். உருளைகளைத் தாங்கும் கூடு மட்டும் இரண்டு பாதிகளாகப் பிரிந்து வரும். ஆக, வளையம் கெட்டால் இறக்கையே வீண். பேரிங் முழுவதையும் கழற்றி மாற்றும் வழியை வடிவமைப்பாளர்கள் தேடியது இந்த நஷ்டத்தைத் தவிர்க்கத்தான். சுங்கை பீசி விமான நிலையத்திலும் 1965இல் திறந்த சுபாங் விமான நிலையத்திலும் நடந்த விமானப் பராமரிப்பில் சுரண்டுகோலுக்கு இடமில்லை. அளவுமானியும் கையெழுத்திட்ட பதிவேடும் ஆட்சி செய்தன. இரயிலும் அதே பக்கம் திரும்பியது. 1957 முதல் வந்த டீசல் இன்ஜின்களோடும் ரோலர் பேரிங்குகளோடும் பழைய சுரண்டல் வேலை ஒடுங்கிற்று. பட்டறையின் கைத்திறன் என்றென்றைக்குமானது என்று நான் வாதாடவில்லை. இரண்டு தலைமுறைக் காலம் இந்தப் பள்ளத்தாக்கின் ரப்பரும் வெள்ளீயமும் துறைமுகத்துக்குப் போனது அந்தத் திறனின் மேல் உருண்டுதான் என்கிறேன்.

தோட்டத்தில் உழைத்தவர்களோடு ஒப்பிட்டால் பட்டறைக்காரர் எண்ணிக்கை சிறிது. அதனால் வரலாற்றில் அவர்களுக்குக் கிடைக்கும் இடமும் சிறிதாகவே இருக்கும் என்றும் சொல்லலாம். ஆனால் பட்டறையின் எடை என்ன என்பதைப் போரில் குண்டு வீசியவர்கள் சரியாகவே கணித்திருந்தார்கள். 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஜப்பானியர் வசமிருந்த கோலாலம்பூருக்கு அமெரிக்க பி-29 விமானங்கள் வந்தபோது, அவை குறிவைத்தவற்றில் முக்கியமானது இரயில்வேயின் பழுதுபார்க்கும் பட்டறைதான். தண்டவாளத்தைச் சில நாளில் திரும்பப் போட்டுவிடலாம்; பழுது பார்க்கும் இடம் போனால் வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றுவிடும். பட்டறையை இவ்வளவு மதித்த உலகம் பட்டறைக்காரரை அப்படி மதிக்கவில்லை. சம்பளப் பட்டியலில் பெரும்பாலோர் நாட்கூலிகளாகவே வைக்கப்பட்டார்கள். கிராணிக்கு மாதச் சம்பளம். எந்தப் பேரிங் இன்னும் எத்தனை மைல் தாங்கும் என்று தொட்டுப் பார்த்துச் சொல்பவருக்கு அன்றாடக் கூலி. அவர்களைப் பற்றி எழுதியவர்களும் பட்டியலில் கண்டதைப் பார்த்துத்தான் எழுதினார்கள். கூலி என்ற தலைப்பின் கீழ் இருந்ததால் கூலி என்றே பதிந்தார்கள். இந்தப் பதிவைப் பட்டறைக்காரர்கள் வாய்மூடி ஏற்கவில்லை. 1962 டிசம்பரில் மலாயா இரயில்வே தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. அது 1963 ஜனவரி வரை 22 நாள் நீடித்தது. சங்கத்தின் முதன்மையான கோரிக்கை, நாட்கூலிகளை மாதச் சம்பளக்காரர்களாக்க வேண்டும் என்பது.