வேலியோரத்துச் செங்காந்தள்



நம் அம்மையார்குப்பம் வீட்டு வேலியில் பூத்திருப்பதன் படம் பார்த்து, "ஐயா, இது என்ன பூ?" என்று பலர் கேட்டீர்கள். நம் மாநில மலரான செங்காந்தள். கார்த்திகைப் பூ, கண்வலிக்கிழங்கு என்பதும் இதுதான்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்குகிறார். முதல் மலர் காந்தள். முருகன் சூடும் கண்ணியும் காந்தளே என்கிறது திருமுருகாற்றுப்படை. உ.வே.சா. பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முனைந்தபோது, கையிலிருந்த ஏடுகளில் அந்தப் பூப்பெயர்கள் சில விடுபட்டிருந்தன. தேடிப்போய்த் தருமபுரம் ஆதீனத்து ஏட்டில் கண்டெடுத்தார். 1889இல் நூல் வெளிவந்தது. அவர் தேடியிராவிட்டால் அந்தப் பட்டியல் நமக்கு முழுதாகக் கிடைத்திருக்குமா?

ஏட்டில் பிழைத்த பூ, காட்டில் குறைந்துவருகிறது. இதிலுள்ள கோல்சிசின் மூட்டுவலி மருந்துக்கு உதவுவதால் கிழங்கைத் தோண்டிவிடுகிறார்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிரே செய்கிறார்கள்.

வளர்க்க விரும்புவோருக்கு: கிழங்கு கலப்பை போல இருக்கும். நுனியில்தான் முளை, ஒடிந்தால் முளைக்காது. பூத்து முடிந்ததும் கொடி காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று தோண்டாதீர்கள். கிழங்கு மண்ணுக்குள் உறங்கி, அடுத்த மழைக்கு எழும்.

ஒன்றை மறக்காதீர்கள். செடி முழுவதும் நஞ்சு. சர்க்கரைவள்ளி என்று நினைத்துக் கிழங்கைத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. பேரப்பிள்ளைகளை எண்ணி வெட்டிவிடலாமா என்றும் யோசித்தேன். மனம் வரவில்லை, சுற்றிக் கம்பிவலை போட்டிருக்கிறேன். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வருகிறவர்கள் வீட்டுக்கும் வாருங்கள். குழந்தைகளுக்கு வலைக்கு வெளியே நின்று காட்டுங்கள், பெயரையும் சொல்லிக்கொடுங்கள்.