புராதன சாளரங்களும் ஒளியுரிமையும்

இலண்டன் மாநகரின் பழைய கட்டடங்கள் சிலவற்றில், சாளரங்களின் கீழே 'புராதன ஒளி' எனப் பொருள்படும் அறிவிப்புப் பலகைகளைக் காணலாம். அயலான் தன் நிலத்தில் எதனைக் கட்டினும் அச்சாளரத்துக்கு வரும் ஒளியை மறைத்தலாகாது என்பதே அவற்றின் கருத்து. நிலவுடைமையைப் பெரிதும் போற்றிய ஆங்கிலச் சட்டம், ஒருவனது உடைமைக்கு இன்னொருவனது சாளரம் வரம்பிடுவதை எவ்வாறு ஏற்றது என்பது ஆராயற்பாலது.

இவ்வுரிமையின் முதல் அடிப்படை பழைமையாகும். 1275ஆம் ஆண்டின் வெஸ்ற்மினிஸ்ரர் சட்டத்தைத் தழுவி, முதலாம் றிச்சாட் ஆட்சிக்கு வந்த 1189ஆம் ஆண்டுக்கு முற்பட்டதே 'நினைவுக்கெட்டாக் காலம்' எனக் கொள்ளப்பட்டது. அத்துணைப் பழைமையை மெய்ப்பித்தல் அரிதாகையால், நீதிமன்றங்கள் நீண்டகால அனுபவத்தைக் கொண்டு அதனை ஊகித்தன. 1832ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விடர்ப்பாட்டை நீக்கிற்று. எழுத்துமூல இசைவின் பேரிலன்றி, 20 ஆண்டுகள் இடையீடின்றி ஒளியை அனுபவித்த கட்டடத்துக்கு அவ்வுரிமை முற்றாக உரியதாயிற்று.

இரண்டாவது அடிப்படை தேவையாகும். 1610இல் தீர்க்கப்பட்ட ஓல்ட்றெட் வழக்கிலேயே, ஒளி வாழ்வுக்கு இன்றியமையாதது, காட்சியழகோ மகிழ்வுக்குரியது மாத்திரமே என்ற வேறுபாடு காட்டப்பட்டது. 1904இல் கோல்ஸ் வழக்கில் பிரபுக்கள் சபை இதனை மேலும் தெளிவாக்கியது. முன்பு கிடைத்த ஒளி முழுவதையும் எவரும் கோரமுடியாது. மனிதரின் சாதாரண தேவைகளுக்குப் போதிய ஒளி எஞ்சுகின்றதா என்பதே வினா.

ஆயின், இச்சட்டம் யாருக்குப் பயன்பட்டது? அயலானிடமிருந்து சாளரத்தைக் காத்த அதே நாட்டில், 1696 முதல் 1851 வரை அரசே சாளரங்களுக்கு வரி விதித்தது. பல குடும்பங்கள் வாடகைக்கு வாழ்ந்த கட்டடம் ஒரே வீடாகக் கணிக்கப்பட்டமையால், வரிக்கஞ்சிய உரிமையாளர் சாளரங்களைச் செங்கல்லால் அடைத்தனர். இருளிலும் காற்றோட்டமின்மையிலும் வருந்தியோர் குடியிருந்த ஏழைகளே. சாளரமே இல்லாத அறைக்குப் புராதன ஒளியுரிமை யாதொரு பயனும் தரவில்லை. அவர்களது நிலை மாறத் தொடங்கியமைக்கு வரிநீக்கமும், கட்டடங்களைச் சூழப் போதிய வெளி விடுவதற்கு விதியமைக்கும் அதிகாரத்தை உள்ளூராட்சி அமைப்புகளுக்கு வழங்கிய 1875ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டமுமே துணைநின்றன.

இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் வெறுமையான நிலங்கள் இவ்வுரிமையின் மறுபக்கத்தைக் காட்டின. மீளக் கட்டுதல் தாமதிக்கவே, அவ்வெறுவெளியை நோக்கிய சாளரங்கள் 20 ஆண்டு அனுபவத்தால் புதிய உரிமை பெறும் நிலை தோன்றியது. ஆகவே, 1959ஆம் ஆண்டுச் சட்டம் அக்காலத்தைத் தற்காலிகமாக 27 ஆண்டுகளாக்கியது. உண்மையான மறைப்பை எழுப்புவதற்குப் பதிலாக அறிவித்தலொன்றைப் பதிவுசெய்து, உரிமை உருவாவதைத் தடுக்கவும் அது வழிசெய்தது.

எனவே ஒளியுரிமையின் வரலாறு, நெடுங்கால அனுபவத்துக்கும் மனிதத் தேவைக்கும் இடையிலான இழுபறியின் வரலாறாகும். நீதிமன்றம் ஒளியின் அளவைத் தேவையால் அளக்கக் கற்றது. எனினும் உரிமையின் வாயிலில் பழைமையையே நிறுத்திவைத்தது. பழைமை அற்றோருக்கு வெளிச்சம் பொதுச்சட்டத்தின் வழியாகவே வரவேண்டியிருந்தது.