குருதி செல்லும் வழியைப் படமாக்கிய வரலாறு



பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரம் பயின்றவர்களுக்கு ஒரு பயிற்சி நினைவிருக்கும். மலைகளை ஒரு மெல்லிய தாளிலும் ஆறுகளை மற்றொரு தாளிலும் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்போம். தாள்களின் மூலைகள் பொருந்தினால் நாடு தெளிவாகத் தோன்றும். சிறிது விலகினாலும் மகாவலி கங்கை மலையுச்சியின்மேல் ஏறி ஓடும். மனித உடலின் குருதிக் குழாய்களைப் படமாக்கிய வரலாறும் இப்பாடத்தையே நமக்குப் புகட்டுகின்றது.

குருதி உடலிற் சுற்றி வருகின்றது என்னும் உண்மையை 1628ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் வில்லியம் ஹாவி என்னும் ஆங்கில வைத்தியர். ஆயினும், நாடிகளிலிருந்து நாளங்களுக்குக் குருதி எவ்வழியாகச் செல்கின்றது என்பதை அவராற் காண முடியவில்லை. அவர் 1657இல் மறைந்தார். நான்காண்டுகள் கழித்து, இத்தாலிய அறிஞர் மல்பீகி தவளையின் நுரையீரலை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து, மயிர்க்குழாய்களைக் கண்டார். இவ்வாறு வழி முழுவதும் விளங்கிற்று. ஆனால் உயிருள்ள மனிதனுடைய உடலினுள்ளே அதனைப் பார்ப்பது எங்ஙனம்?

1895ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியில் றொண்ட்கன் எக்ஸ்-கதிர்களைக் கண்டுபிடித்தார். எலும்பு தெரிந்தது, குருதிக் குழாய் தெரியவில்லை. ஏனெனில் குருதியும் அதனைச் சூழ்ந்த தசையும் அக்கதிர்களை ஏறக்குறைய ஒரே அளவிலேயே தடுக்கின்றன. 1896 ஜனவரியில் வியன்னா நகரில் இருவர், இறந்த ஒருவரின் கையினுள் சுண்ணமும் பிறவும் சேர்ந்த கலவையைச் செலுத்திப் படம் எடுத்தனர். அதற்கு 57 நிமிடங்கள் சென்றன. குழாய்கள் யாவும் அழகாகத் தெரிந்தன. இறந்த கை அசையாது. அதிற் குருதியும் ஓடாது. உயிருள்ளவரிடத்தில் இம்முறை செல்லுமா?

அதற்கு விடை தேடியவர் போர்த்துக்கல் நாட்டு வைத்தியர் எகாஸ் மோனிஸ். மூளையிலுள்ள கட்டிகளை வெளியிலிருந்தே அறிய அவர் விரும்பினார். கட்டி வளர்ந்தால் அருகிலுள்ள குழாய்கள் இடம்பெயரும் என்பது அவர் கருத்து. தொடக்கத்தில் அவர் பயன்படுத்திய உப்புக் கரைசலைப் பெற்ற நோயாளி ஒருவர் உயிர் துறந்தார். பின்னர் அவர் சோடியம் அயடைட்டுக்கு மாறினார். 1927ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் லிஸ்பனில் உயிருள்ள மனிதரின் மூளை நாடிகள் முதன்முதலாகப் படத்திற் தெளிவாகத் தோன்றின. பிற்காலத்திற் கையாளப்பட்ட தோரியம் கலந்த மருந்தோ ஈரலிற் தங்கி, பல ஆண்டுகளின் பின் பலருக்குப் புற்றுநோயை விளைத்தது. இப்படங்களுக்கு நோயாளர் கொடுத்த விலையை நாம் மறத்தலாகாது.

மோனிஸ் விரைவில் மற்றொன்றையும் உணர்ந்தார். குருதி முதலில் நாடியிலும், பின்னர் மயிர்க்குழாயிலும், அதன் பின்னர் நாளத்திலும் செல்கின்றது. ஒரே படம் ஒரு கணத்தை மாத்திரமே காட்டும். ஆகவே அவருடைய துணைவர் கால்டாஸ், படத்தகடுகளை விரைந்து மாற்றும் ஒரு சுழல்கருவியை அமைத்தார். அடுத்தடுத்து எடுத்த படங்களை ஒருங்கே நோக்கியபோதே குருதியின் பயணம் புலனாயிற்று.

இன்னுமொரு தடை இருந்தது. மண்டையோட்டின் எலும்புகள் மெல்லிய குழாய்களை மறைத்தன. ஒல்லாந்தைச் சேர்ந்த சீட்செஸ் டெஸ் பிளாண்டஸ் 1934இல் ஒரு வழியை விளக்கினார். மருந்து செலுத்துமுன் ஒரு படம். செலுத்திய பின் ஒரு படம். முன்னதைக் கருமை வெண்மை மாற்றிப் பின்னதன்மேல் வைத்தால், இரண்டிலும் பொதுவான எலும்பு மறையும். குழாய்கள் மாத்திரம் எஞ்சும். ஆனால் நோயாளி இடையிலே தலையைச் சற்று அசைத்துவிட்டால், எலும்பின் விளிம்புகள் பொய்க்கோடுகளாகத் தோன்றும்.

1980ஆம் ஆண்டளவில் இக்கழித்தல் வேலையைக் கணினி ஏற்றுக்கொண்டது. அது விலகிய படத்தை நகர்த்திப் பொருத்தும். பல படங்களைச் சேர்த்துச் சராசரியும் காணும். படத்திலுள்ள புள்ளிமங்கல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் விழுவதாற் தேய்ந்துபோகும். குழாயோ ஒரே இடத்தில் நிற்பதால் வலுப்பெறும். கண்ணின் விழித்திரையை மருந்தின்றி ஒளியினாலேயே ஆராயும் முறையொன்று 2012இல் வெளியிடப்பட்டது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம்பிடித்து, மாறாதவற்றை விலக்கி, மாறுவதை மாத்திரம் கொண்டால், ஓடும் குருதி தெரிந்துவிடும். அங்கும் கண்ணின் சிறு துடிப்பைத் திருத்தாவிடின் குழாய் முறிந்ததுபோலத் தோன்றும்.

நேயர்களே, இப்படத்தை நம்பியே வைத்தியர் கத்தியை எடுக்கின்றார். அல்லது எடுக்காது விடுகின்றார். இல்லாத அடைப்பைக் காட்டும் படமும், இருக்கும் அடைப்பை மறைக்கும் படமும் ஒன்றுக்கொன்று குறையாத தீங்குடையவை. ஆகவே, வைத்தியசாலையில் "மூச்சை அடக்குங்கள், அசையாதிருங்கள்" என்று சொல்லும்போது, அதனை வெறுங் கட்டளையென்று கொள்ளவேண்டாம். உண்மையான படம் அமைவதில் நோயாளிக்கும் ஒரு பங்குண்டு. அந்தச் சில கணப் பொறுமையே அப்பங்கு.