ஸ்காட்டைத் தேடிப் போன ஏழு இந்தியக் கோவேறு கழுதைகள்

இடையஞ்சாவடி வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். வியர்த்துக் கொட்டுது. பேசப்போறது அண்டார்டிகாவைப் பத்தி.

ராபர்ட் ஸ்காட் கதை பாதி உங்களுக்கே தெரியும். 1912 ஜனவரி 17 அன்று தென் துருவம் போனார். அமுண்ட்சென் ஒரு மாசத்துக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிருந்தார். திரும்பும் வழியில் அஞ்சு பேரும் இறந்தாங்க. நான் சொல்ல வந்தது அதுக்கு அப்புறம் நடந்தது.

ஸ்காட் கேட்டுக்கொண்டபடி இந்திய அரசு ஏழு இமயமலைக் கோவேறு கழுதைகளைக் கொடுத்திருந்தது. லால் கான், குலாப், பேகம், ராணி, அப்துல்லா, பியாரி, கான் சாஹிப். பனியில் கண் கூசாம இருக்க அதுங்களுக்குக் கண்ணாடிகூட உண்டு! 1912 தொடக்கத்தில் கப்பல்ல போய் இறங்கிச்சுங்க. தனக்கு வெச்ச தீனியை விட்டுட்டு தேயிலைச் சக்கை, கயிறு, புகையிலைச் சாம்பல்னு தின்னுதுங்களாம்.

அந்தக் குளிர்காலம் குடிசையில் மிச்சம் இருந்தது 13 பேர். ஸ்காட் குழு செத்துடுச்சுன்னு அவங்களுக்குத் தெரியும். ஆனா வடக்கே கேம்ப்பெல் தலைமையில் இன்னும் ஆறு பேர் மாட்டியிருந்தாங்க. கடல் பனிக்கட்டி வழிமறிச்சதால் கப்பலால் அவங்களை ஏத்த முடியல. (கடல் உறையும்போது உப்பை வெளியே தள்ளிடும். நம்ம மரக்காணம் பாத்தியில் வெயில் தண்ணியைத் துரத்துது, அங்க குளிர் உப்பைத் துரத்துது.) அந்த ஆறு பேர் உயிரோட இருக்க வாய்ப்பு உண்டு. இருக்கிறவனைத் தேடுறதா, இறந்தவனைத் தேடுறதா?

வாக்கெடுப்பு நடந்தது. ஒருத்தர் மட்டும் வாக்களிக்கல. மத்த எல்லாரும் தெற்கே போகலாம்னு சொன்னாங்க. என்ன ஆச்சுன்னு தெரியாமலே போயிடக் கூடாதுங்கிறது காரணம். சர்வர் விழுந்தா முதல்ல லாக் எடுத்து வைக்கிற ஆளு நான். இருந்தும் நான் வடக்கேதான் கை தூக்கியிருப்பேன்னு நினைக்கிறேன். வாக்களிக்காத அந்த ஒருத்தரை எனக்குப் புரியுது.

அட்கின்சன் தலைமையில் கோவேறு கழுதைகள் வண்டி இழுக்க, நவம்பர் 12 அன்று கூடாரம் கிடைச்சது. உள்ளே ஸ்காட், வில்சன், பவர்ஸ். பவர்ஸ் ஏற்கனவே இந்தியக் கடற்படைப் பணியில் பர்மாவின் ஐராவதி ஆற்றில் படகு ஓட்டின ஆளு. அடுத்த உணவுக் கிடங்கு சுமார் 20 கிலோமீட்டர்தான். இங்கிருந்து மரக்காணத்தைவிடப் பக்கம். முன்னாடியே கூடாரத்தை விட்டு வெளியே நடந்துபோன ஓட்ஸ் கிடைக்கல, அவரோட தூக்கப் பைதான் கிடைச்சது.

டயரி, கடிதங்களோட சுமார் 16 கிலோ கல்லும் இருந்தது. சாகுறவரை இழுத்துட்டு வந்திருக்காங்க! அதில் குளோசாப்டெரிஸ்ங்கிற செடியின் படிமம் இருந்தது. அதே செடியோட படிமம் இந்திய நிலக்கரிப் பாறைகளிலும் உண்டு. ஒரு காலத்தில் ரெண்டும் ஒரே நிலம், கோண்ட்வானா. அந்தப் பேரே நம்ம கோண்டு மக்களோட நாட்டுப் பேர்.

தேடப் போனவங்க குடிசைக்குத் திரும்பினாங்க. உள்ளே கேம்ப்பெலும் அவரோட அஞ்சு பேரும் உட்கார்ந்திருந்தாங்க. பனிக் குகையில் குளிர்காலத்தைக் கழிச்சு, சீலும் பென்குவினும் தின்னு, தாங்களே நடந்து வந்து சேர்ந்திருந்தாங்க.