பதிவேடும் அயலவரும்

பாலியற் குற்றத்திற்குத் தண்டனை பெற்றோரைப் பதிவுசெய்யும் சட்டத்தை அமெரிக்காவில் முதன்முதலாக மாநிலம் முழுவதற்கும் வகுத்தது கலிபோர்னியா, ஆண்டு 1947. அன்று அப்பதிவேடு பொலிசாருக்கு மட்டுமே உரியதாயிருந்தது. 1990இல், வடமேற்கிலுள்ள வாஷிங்டன் மாநிலம் அதனை அயலவர்க்கும் திறந்தது. அங்கே விடுதலையானவர் தாம் வாழும் கவுண்டியின் காவற்றலைவராகிய ஷெரீப்பிடம் முகவரியைப் பதிதல் வேண்டும். மீண்டும் குற்றம் இழைக்கும் அபாயத்தை மூன்று படிகளாக வகுப்பர்; அபாயம் ஏறுந்தோறும் அறிவித்தலும் விரியும். மூன்றாம் படியினரைப் பற்றி ஊரவர் அனைவர்க்கும் அறிவிக்கலாம். 1996இல் கூட்டாட்சிச் சட்டம் இவ்வகை அறிவித்தலை எல்லா மாநிலங்களிலும் வற்புறுத்திற்று.

ஆயினும், குழந்தைகளுக்கு இத்தகைய தீங்கிழைப்போரிற் பெரும்பாலார் அவர்கள் முன்பே அறிந்தவர்களே. ஏட்டிற் பெயரில்லை என்பது நம்பிக்கைக்குச் சான்றாகாது. பிள்ளை அஞ்சாது வந்து சொல்லக்கூடிய வீடும் பள்ளியும் ஏட்டினும் முதன்மையான காவலாகும்.