ஒரு கையெழுத்து என்ன விலை?

1995-ம் வருஷம், டிசம்பர் 1. நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் இருக்கும் ஃபெடரல் கோர்ட். தீர்ப்புக்காகக் காத்து நின்ற குற்றவாளிக்கு வயது 69. தலை நரைத்த, கௌரவமான தோற்றம். செய்த குற்றம் கொலையோ கொள்ளையோ இல்லை. கையெழுத்துப் போட்டார். அதற்குக் காசு வாங்கினார். வாங்கிய காசை இன்கம் டாக்ஸ்காரர்களிடம் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

அவர் பெயர் டியூக் ஸ்னைடர். பேஸ்பால் ஆட்டக்காரர். நமக்குப் பேஸ்பால் என்றால் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஏதோ ஒன்று, அமெரிக்கர்களுக்கு அது கிட்டத்தட்ட மதம். புரூக்ளினுக்கென்று ‘டாட்ஜர்ஸ்’ என்று ஒரு டீம் 1957 வரை இருந்தது. அந்த டீமின் செல்லப்பிள்ளைதான் ஸ்னைடர். மொத்தம் 407 ஹோம் ரன். நம்ம பாஷையில் சொன்னால் சிக்ஸர். புரூக்ளினில் அவர் நடந்து போனால் பின்னாலேயே பத்துப் பதினைந்து பொடியன்கள் பேனாவும் பேப்பருமாக ஓடுவார்கள். அவரும் போட்டுக் கொடுப்பார். ஓசியில்.

அதே ஊரில்தான் இப்போது தண்டனை. கொடுமை என்னவென்றால், தீர்ப்புச் சொன்ன நீதிபதி கோர்மன் அந்தக் காலத்தில் ஸ்னைடரைக் கொண்டாடிய தலைமுறையைச் சேர்ந்தவர்! ‘உங்களைத் தெய்வமாகக் கும்பிட்ட ஊரிலேயே, அப்படிக் கும்பிட்டவர்களில் ஒருவனான என் முன்னாலேயே அவமானப்பட்டு நிற்கிறீர்களே’ என்கிற அர்த்தத்தில் அவர் பேசியதை அமெரிக்கப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. தண்டனை... 5,000 டாலர் அபராதம், 2 வருஷம் கண்காணிப்பு. சிறை இல்லை. பத்து வருஷத்தில் ஸ்னைடர் மறைத்த வருமானம் ஏறக்குறைய 1 லட்சம் டாலர். அவரோடு சேர்ந்து மாட்டிய இன்னொரு ஜாம்பவான் வில்லி மெக்கோவி. 521 ஹோம் ரன் அடித்தவர். அவர் மறைத்தது 70,000 டாலர் சுமார்.

ஒரு கையெழுத்தில் இவ்வளவு பணம் எங்கே இருந்து வந்தது?

ஆட்டோகிராஃப் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ரோஸ், மஞ்சள், பச்சை என்று கலர் கலராகத் தாள் வைத்த சின்ன நோட்டுதான். பத்தாம் கிளாஸ், பிளஸ் டூ கடைசி நாளில் கண்ணீரும் கம்பலையுமாக நீட்டுவோமே, அது. சேரன் எடுத்த படத்துக்கே அதுதான் பெயர். அந்த நோட்டில் கணக்கு வாத்தியார் கையெழுத்துக்கும் கடைசி பெஞ்ச் கணேசன் கையெழுத்துக்கும் விலை ஒன்றுதான். அதாவது, விலையே கிடையாது.

அமெரிக்காவில் கதை வேறு. பபிள்கம் வாங்கினால் கூடவே ஆட்டக்காரர் படம் போட்ட அட்டை கொடுப்பார்கள். அதைச் சேர்த்த பையன்கள் வளர்ந்து, வேலைக்குப் போய், கையில் காசு வந்ததும் சும்மா இருப்பார்களா? அட்டைகளை விற்கவும் வாங்கவும் கண்காட்சி போட ஆரம்பித்தார்கள். 1980-ல் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு ‘தேசிய மாநாடே’ நடந்தது. கூட்டம் சேர்க்க வேண்டுமே? ரிட்டயர் ஆன பழைய ஆட்டக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, ஒரு மேஜை போட்டு உட்கார வைத்தார்கள். அங்கே பிறந்தது இந்த வியாபாரம்.

போகப் போக அது நம்ம ஊர் ஸ்பெஷல் தரிசன க்யூவைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. உள்ளே நுழைய ஒரு டிக்கெட். கையெழுத்துக்கு வேறு டிக்கெட். போட்டோவில் போட ஒரு ரேட், பந்தில் போட ஒரு ரேட், பேட், ஜெர்ஸி என்றால் இன்னும் மேலே. பெயருக்குக் கீழே ‘அன்புடன்’ மாதிரி ஒரு வரி சேர்த்து எழுத வேண்டுமா? அதற்குத் தனி சார்ஜ். இதில் தர்ம தரிசனமே கிடையாது என்பதுதான் ஒரே வித்தியாசம்.

ஜோ டிமாஜியோ என்று ஒரு சூப்பர் ஸ்டார். (மர்லின் மன்றோவைக் கட்டிக்கொண்டு ஒன்பதே மாசம் குடித்தனம் நடத்தினாரே, அவரேதான்!) 1941-ல் தொடர்ந்து 56 மேட்ச்களில் சாதனை செய்தவர். அதை வைத்து 1993-ல் ஒரு கம்பெனி அவரை 1,941 பேட்களில் கையெழுத்துப் போட வைத்தது. ஒரு பேட் விலை கிட்டத்தட்ட 4,000 டாலர். அன்றைய மதிப்பில் நம்ம காசுக்கு ஒரு லட்சத்துக்கும் மேலே. டிமாஜியோ ஆடிய காலத்தில் எட்டிய உச்ச சம்பளம் வருஷத்துக்கு 1 லட்சம் டாலர். அந்தச் சம்பளத்தை 25 பேட்களிலேயே கடைக்காரர் வசூல் பண்ணிவிடலாம். அப்படி விற்ற ‘ஸ்கோர் போர்டு’ கம்பெனி 1998-ல் திவாலானது தனிக் கதை.

சரி, பெரிய மனுஷர்களுக்கு இப்படி ஒரு கையெழுத்துக் கூலி தேவையா என்று கேட்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். இங்கேதான் நான் ஸ்னைடர் கட்சி.

1975 கடைசி வரை அமெரிக்க பேஸ்பாலில் ஒரு விதி இருந்தது. ஒரு கிளப்பில் சேர்ந்துவிட்டால், முதலாளி விடுகிறவரை அங்கேயேதான். வேறு கிளப் கூடுதல் சம்பளம் தருகிறேன் என்றாலும் போக முடியாது. கொத்தடிமை என்று சொன்னால் கொஞ்சம் ஓவர், ஆனால் பக்கத்தில் வரும். 1967-ல்கூடக் குறைந்தபட்ச சம்பளம் வருஷத்துக்கு 6,000 டாலர்தான். மைதானம் நிரம்பி வழிந்த பணம் முதலாளிக்குப் போனது. அந்த விதி உடைந்தபோது ஸ்னைடர் ரிட்டயராகி 11 வருஷம் ஆகியிருந்தது. கோடிகளில் புரண்ட அடுத்த தலைமுறையைப் பெருமூச்சோடு பார்த்துக்கொண்டிருந்த கிழவர்களுக்கு, அந்தக் கையெழுத்து மேஜைதான் பென்ஷன். க்யூவில் நின்ற ரசிகன், முதலாளி தராமல் விட்ட சம்பளத்தைத் தவணையில் கட்டினான் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால், பணம் ரொக்கமாக வந்தது. ரொக்கம் வாயில்லாப் பூச்சி. கணக்கு கேட்காது. காமர்ஸ் படித்த எவனுக்கும் தெரியும், சபலம் அங்கேதான் ஆரம்பிக்கும். தப்பான முடிவு எடுத்துவிட்டேன் என்று ஸ்னைடரே ஒப்புக்கொண்டார்.

ஸ்னைடருக்குக் காட்டுகிற இரக்கத்தைப் பீட் ரோஸுக்குக் காட்ட மாட்டேன். 4,256 ஹிட் என்று உலக சாதனை வைத்த ஆசாமி. 1978-ல் புது டீமில் சேர அவருக்குப் பேசிய சம்பளம் நாலு வருஷத்துக்கு 32 லட்சம் டாலர். பற்றாக்குறையே இல்லை. ஆனாலும் கையெழுத்து, பழைய பேட் விற்பனை, குதிரைப் பந்தயம் எல்லாவற்றிலும் வந்ததில் 3,54,968 டாலரைக் கணக்கில் காட்டவில்லை. 1990 மதிப்பில் 60 லட்சம் ரூபாய்க்கு மேல். தன் விளையாட்டின் மீதே பந்தயம் கட்டியதற்காக 1989-ல் பேஸ்பாலிலிருந்து ஆயுள் தடை. அடுத்த வருஷம் வரி ஏய்ப்புக்காக 5 மாத ஜெயில்.

வெளியே வந்தவர் திருந்தினாரா? தொழிலை விரிவுபடுத்தினார்! லாஸ் வேகாஸ் கடைகளில் வருஷக்கணக்கில் மேஜை போட்டு உட்கார்ந்தார். பேஸ்பால் மீது பந்தயம் கட்டியதற்கு வருந்துகிறேன் என்று பந்திலேயே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, அதற்கும் விலை வைத்தார். மன்னிப்பையே சரக்காக்கிய மகாத்மா! 2024 செப்டம்பரில் காலமாகும்வரை இதுதான் பிழைப்பு. தடையை 2025 மே மாதம் நீக்கினார்கள், ஆள் போன பிறகு.

காசு புரளும் இடத்தில் போலி வராமல் இருக்குமா? டோனி க்வின் என்கிற ஆட்டக்காரர் ஒருநாள் தன் டீமின் கடைக்குள்ளேயே நுழைந்து பார்க்கிறார். அவர் கையெழுத்துப் போட்ட சாமான்கள் விற்பனைக்கு அடுக்கியிருக்கின்றன. ஒரே ஒரு சிக்கல், கையெழுத்து அவருடையது இல்லை. எஃப்.பி.ஐ. களமிறங்கியது. 1999-ல் ‘ஆபரேஷன் புல்பென்’ என்று பெயர் வைத்து ரெய்டு போனபோது சிக்கிய போலிகளில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்தும் இருந்தது! கேட்டு வாங்க ஆள் இருந்திருக்கிறது, அதுதான் ஆச்சர்யம். மார்க்கெட்டில் இருந்த கையெழுத்துகளில் பாதிக்கு மேல் போலி என்று எஃப்.பி.ஐ. கணக்குச் சொன்னது. அதன் பிறகு 2001-லிருந்து சாட்சி வைத்துக் கையெழுத்து வாங்கி, ஹாலோகிராம் ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பித்தார்கள். காஞ்சிபுரம் பட்டில் ‘சில்க் மார்க்’ ஒட்டுகிறார்களே, அதே சமாசாரம். கையெழுத்துக்கே ஒரு கையெழுத்து!

நம்ம ஊர் ஆட்டக்காரர்கள் நிலைமை ஒன்றும் உசத்தியாக இல்லை. 1983-ல் உலகக் கோப்பையை ஜெயித்து வந்த கபில்தேவ் டீமுக்குப் பரிசு கொடுக்க கிரிக்கெட் வாரியத்திடம் பணம் இல்லை. டெல்லியில் லதா மங்கேஷ்கர் கச்சேரி நடத்தி, வசூலில் ஆளுக்கு 1 லட்சம் கொடுத்தார்கள். பழைய டெஸ்ட் வீரர்களுக்கு மாதப் பென்ஷன் வந்ததே 2004-ல்தான். இத்தனைக்கும் மேஜை போட்டு ரேட் கார்டு வைக்கும் பழக்கம் இங்கே பெரிதாக வேர்விடவில்லை. விற்றாலும் பெரும்பாலும் தர்மத்துக்குத்தான். உலகக் கோப்பை ஃபைனலில் தோனி ஆடிய பேட் 2011-ல் லண்டனில் 1 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனதும் அறக்கட்டளைக்காகத்தான்.

ஒரு பெயரை முத்திரையாக வைத்தால், கூடவே கணக்கும் வைக்க வேண்டும் என்பது நமக்குப் புதுசில்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம். கூரத்தாழ்வார் பிறந்த ஊர் என்று வைணவர்களுக்குத் தெரியும். அங்கே கிடைத்த ஏழு செப்பேடுகள், 7-ம் நூற்றாண்டுப் பல்லவ ராஜா முதலாம் பரமேஸ்வரவர்மன் கொடுத்தவை. ராஜா கையெழுத்தெல்லாம் போடவில்லை. காளை முத்திரைதான். ஆனால் தானம் கொடுத்த கிராமத்தை 25 பங்காகப் பிரித்து, கோயில் பூஜைக்கும் பராமரிப்புக்கும் 3, மண்டபத்தில் தண்ணீருக்கும் நெருப்புக்கும் 1, மகாபாரதம் படிக்க 1, வேதம் படித்த இருபது பேருக்கு ஆளுக்கொன்று என்று பைசா சுத்தமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆடிட்டர் தோற்றார்.

அப்படிக் கணக்கோடு கையெழுத்து விற்ற ஒருவர் 20-ம் நூற்றாண்டிலும் இருந்தார். குஜராத்தி பனியா. சும்மா விடுவாரா?

1933 நவம்பரில் தீண்டாமைக்கு எதிராக மகாத்மா காந்தி நாடு தழுவிய பயணம் கிளம்பினார். ஒன்பது மாசம், 12,500 மைல், ஹரிஜன நிதிக்குச் சேர்ந்தது சுமார் 8 லட்சம் ரூபாய். ஆட்டோகிராஃப் கேட்டு வந்தவர்களுக்கு அவர் வைத்த ரேட்... 5 ரூபாய்! அன்றைக்கு அது ஒரு கூலிக்காரரின் பல நாள் சம்பளம். மாலை, வரவேற்புப் பத்திரம் எதைக் கொடுத்தாலும் மேடையிலேயே ஏலம் விட்டுவிடுவார்.

அதே குளிர்காலத்தில்தான் ஜார்டின் தலைமையில் எம்.சி.சி. டீம் இந்தியாவுக்கு வந்தது. பம்பாயில் லாலா அமர்நாத் இந்தியாவின் முதல் டெஸ்ட் செஞ்சுரி அடித்தார். 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் வெரிட்டி நம்மாட்களைச் சுருட்டினார். விஜய் மெர்ச்சன்ட்டின் தங்கை லட்சுமியிடம் ஒரு ஆட்டோகிராஃப் புத்தகம் இருந்தது. அதை வாங்கிப் புரட்டிய காந்தி, எம்.சி.சி. ஆட்டக்காரர்கள் பதினாறு பேர் போட்டிருந்த பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, பதினேழாவது ஆளாகத் தன் பெயரைப் போட்டார். ராமச்சந்திர குஹா சொன்னதால் நமக்குத் தெரிகிறது. வெள்ளைக்கார டீமில் காந்தி!

பயணம் கேரளாவில் வடகரைக்கு வந்தது 1934 ஜனவரியில். கூட்டத்தில் கௌமுதி என்கிற 16 வயசுப் பெண். மேடைக்கு வந்து ஒரு தங்க வளையலைக் கழற்றிக் கொடுத்து, ஆட்டோகிராஃப் கேட்டாள். காந்தி எழுத ஆரம்பிப்பதற்குள் இன்னொரு வளையலையும் கழற்றிவிட்டாள். இரண்டு எதற்கு, ஒன்றுக்கே கையெழுத்துத் தருகிறேனே என்றார் காந்தி. விற்கிறவர் விலையைக் குறைக்கிறார், வாங்குகிறவள் ஏற்றிக்கொண்டே போகிறாள்! பதிலுக்குக் கழுத்துச் சங்கிலி வந்தது. பிறகு காதில் இருந்ததும். அப்பா, அம்மா சம்மதம் உண்டா என்று விசாரித்தார் காந்தி. அப்பா அங்கேயேதான் இருந்தார், ஏலத்தில் விலை கேட்டுக்கொண்டு. மறுபடி நகை செய்து போட்டுக்கொள்ளக் கூடாது என்று கண்டிஷன் போட்டார். அவள் ஒப்புக்கொண்டாள். கழற்றிப் போட்ட நகைகளைவிட இந்தத் துறவுதான் உனக்கு நிஜமான ஆபரணம் என்கிற அர்த்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நடந்ததை அப்படியே ‘ஹரிஜன்’ பத்திரிகையிலும் எழுதினார்.

கௌமுதி பின்னாளில் இந்தி டீச்சர் ஆனார். 2009-ல் காலமாகும்வரை நகை போட்டுக்கொள்ளவே இல்லை.