தண்ணி தெளிவா இருந்தா போதுமா? ஓடையின் நிலையைக் காட்டிக்கொடுக்கும் பூச்சிகள்

2013 ஜூலை மாதம். இங்கிலாந்தின் கென்னட் ஆற்றில் வழக்கமான பூச்சிக் கணக்கெடுப்புக்கு இறங்கிய தன்னார்வலர்களுக்கு அதிர்ச்சி. வலையில் நிறைய சிக்க வேண்டிய பூச்சிகளையும், இறால் வகைச் சிற்றுயிர்களையும் காணோம்.

விசாரணையில் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லி ஆற்றில் கலந்தது தெரியவந்தது. சுமார் 15 கி.மீ. தூரத்துக்குச் சிற்றுயிர்கள் அழிந்திருந்தன. முதலில் எச்சரித்தது ஆய்வகம் இல்லை, பூச்சிகள்தான்.

தண்ணீர் சோதனை மட்டும் போதாதா?

பாட்டிலில் பிடித்த தண்ணீர், பிடித்த நேரத்து நிலையை மட்டுமே சொல்லும். ராத்திரி திறந்துவிட்ட கழிவு, காலையில் அடித்துக்கொண்டு போயிருக்கும். பாசி அதிகமுள்ள ஓடையில் பகலில் ஆக்சிஜன் நல்லா இருக்கும், விடியற்காலையில் சரிந்துவிடும். மதியம் சோதித்தால் இது தெரியாது.

ஆனால் பூச்சிகளின் இளம் பருவம் தண்ணீருக்குள்ளேயே பல வாரம், சில வகைகளுக்கு ஒரு வருடத்துக்கும் மேல் கழிகிறது. நடந்ததை எல்லாம் அவை அனுபவித்தாக வேண்டும்.

எந்தப் பூச்சி என்ன சொல்லும்?

* ஸ்டோன்ஃபிளை, மேஃபிளை: பெரும்பாலானவை ஆக்சிஜன் குறைந்தால் தாங்காது. இவை நிறைய இருந்தால் நல்ல அறிகுறி.
* தட்டான் குஞ்சுகள், இறால் வகைச் சிற்றுயிர்கள்: பெரும்பாலும் நடுத்தரம்.
* ரத்தப்புழு, சேற்றுப்புழு: ஆக்சிஜன் குறைந்த சாக்கடையிலும் பிழைக்கும். ரத்தப்புழுவின் சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின். இவை மட்டுமே இருந்தால் ஓடைக்கு ஆபத்து.

எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

நீரோட்டத்துக்கு எதிராக வலையைப் பிடித்து, அதன் முன்னால் ஓடையின் அடித்தளத்தைக் காலால் கிளறுவார்கள். பொதுவாக 3 நிமிடம். வலையில் விழுந்ததைத் தட்டில் கொட்டிக் குடும்பவாரியாகப் பிரிப்பார்கள்.

பிரிட்டனில் உருவான பி.எம்.டபிள்யூ.பி. முறையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். உதாரணமாக, தட்டை உடல் மேஃபிளைக்கு 10, இறால் வகைக்கு 6, ரத்தப்புழு குடும்பத்துக்கு 2. மூன்றும் கிடைத்தால் மொத்தம் 18, சராசரி 6. ஒரு குடும்பத்தில் எத்தனை கிடைத்தாலும் மதிப்பெண் ஒரு தடவைதான்.

இந்தியாவில் இருக்கிறதா?

இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதே அடிப்படையில், தண்ணீரை ஏ முதல் இ வரை ஐந்து தரமாகப் பிரிக்கும் அளவுகோலை வைத்துள்ளது. வேதியியல் அளவுகோல் தனி: வாரியத்தின் வகைப்பாட்டில், குளிக்கத் தகுந்த ஆற்று நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மி.கி.க்குக் குறையக் கூடாது, பி.ஓ.டி. 3 மி.கி.யைத் தாண்டக் கூடாது.

பூச்சி இருந்தா தண்ணியைக் குடிக்கலாமா?

கூடாது. நோய்க்கிருமி இருக்கிறதா என்பதைப் பூச்சிகள் சொல்லாது. கலந்தது எந்த ரசாயனம் என்றும் சொல்லாது. வெள்ளம் அடித்துப்போன பிறகும், மணல் மட்டுமே உள்ள இடத்திலும் மதிப்பெண் இயல்பாகவே குறையலாம். அதனால்தான் அதே பகுதியின் சுத்தமான ஓடையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

கென்னட்டில் நடந்ததும் இதுதான். ஏதோ தப்பு நடந்திருக்கு என்று காட்டியது பூச்சிகள், என்ன தப்பு என்று சொன்னது ஆய்வகம். இரண்டும் சேர்ந்தால்தான் ஓடையின் முழு நிலவரம் தெரியும்.